‘டங்க்’ என்றது கார்!

வீட்டில் எத்தனையோ சத்தங்கள் கேட்கின்றன. குழாயில் சொட்டும் தண்ணீர், எண்ணெய் காணாத கதவின் கீச்சு, அடுப்பங்கரையில் உருளும் பாத்திரம்... எந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓட வேண்டும், எதற்குப் புரண்டு படுத்துத் தூங்கலாம் என்பது வீட்டுக்கார அம்மாளுக்குத் தெரியும். தட்டு விழுந்தால் தெருவே அதிர்கிறது, “எவர்சில்வர்தானே, கிடக்கட்டும்!” என்று இருந்துவிடுகிறாள். பால் பொங்கும்போது சத்தமே இல்லை; ஆனால் அதற்குத்தான் ஓட்டமாக ஓடுகிறாள்.

மோட்டார் காரின் கதையும் இதுதான். ஊரைக் கூட்டுகிற கோளாறு வேறு. ஆளைக் கவிழ்க்கிற கோளாறு வேறு. இரண்டையும் பிரித்தறியாதவர்கள் பணத்தை இழக்கிறார்கள். சிலருக்குப் பணத்தோடு போவதும் இல்லை.

“காரைப் பற்றிய கட்டுரையா? அது ஆண்கள் சமாசாரம்!” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இந்தக் கதையில் முக்கியமான விஷயங்களையெல்லாம் கண்டுபிடிப்பது ஒரு பெண்மணிதான்.

ஆபிங்டன் அழகி

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் ஆபிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1929-ஆம் வருஷத்திலிருந்து 1980 வரை அங்கே எம்.ஜி. கார்கள் உருவாயின. ‘எம்.ஜி.’ என்றதும் உங்களுக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல! இது ‘மோரிஸ் காரேஜஸ்’ என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டில் அந்தப் பெயரில் இருந்த மோட்டார் கடையில்தான் இந்தக் கார்களின் வம்சம் தொடங்கியது.

அந்த வம்சத்திலே பேர் பெற்ற பெண் எம்.ஜி.பி. 1962-ல் பிறந்தாள். இரண்டே ஆசனம், மடக்கி வைக்கும் துணிக் கூரை, நீண்ட மூக்கு, கச்சிதமான உடம்பு. 1965-ல் நிரந்தரக் கூரையோடு ‘ஜி.டி.’ என்ற தங்கை வந்து சேர்ந்தாள். 1980 அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலை கதவைச் சாத்தும்வரை, இந்தக் குடும்பத்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் வெளியே வந்தன. இன்றும் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நமக்கும் இவளுக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. நம் ஊர் அம்பாஸிடர் காரில் வெகு காலம் இருந்த 1489 ஸி.ஸி. எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 ஸி.ஸி. எஞ்சினும் ‘பி ஸீரீஸ்’ என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கல்யாணம், சீமந்தம், ஆஸ்பத்திரி என்று குடும்பம் குடும்பமாக நம்மைச் சுமந்துவிட்டு, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அந்தச் சாதுவான அம்பாஸிடரின் ஒன்றுவிட்ட சகோதரிதான் இந்தச் சிங்காரி!

சனிக்கிழமை காலை

இங்கிலாந்தில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். கணவர் ஆசை ஆசையாக ஒரு பழைய எம்.ஜி.பி. வாங்கியிருக்கிறார். 1966-ஆம் வருஷத்துத் திறந்த கார். பளபளவென்று கம்பி ஆரங்கள் வைத்த சக்கரங்கள். அடுத்த சனிக்கிழமை இருவரும் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு.

சோதனை ஓட்டத்திலேயே கிளட்சை விட்டதும் பின்னாலிருந்து ‘டங்க்!’ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு ‘டங்க்!’ யாரோ பின்னால் உட்கார்ந்துகொண்டு சம்மட்டியால் தட்டுவது போல.

மெக்கானிக் வந்தார். காதைச் சாய்த்துக் கேட்டார், தலையை ஆட்டினார். “பின் அச்சு போய்விட்டது. 1966 மாடலுக்கு முழுசாக வேறொன்று வாங்கி மாட்டிவிடலாம்” என்றார்.

கணவர் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மனைவி மட்டும், “கொஞ்சம் இருங்கள். இதில் இருப்பது எந்த அச்சு என்று யாராவது பார்த்தீர்களா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி! பழைய காரைப் பழுது பார்ப்பதில் முதல் பாடமே அதுதான். முதலில் அடையாளம், பிறகு ஸ்பானர்.

தேர் திரும்பும் மூலை

பின் அச்சு என்பது என்ன வேலை செய்கிறது? மாட வீதி மூலையில் தேர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள்பக்கச் சக்கரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. வெளிப்பக்கச் சக்கரம் வளைந்துகொண்டு வெகு தூரம் போகிறது. தேரை இழுப்பது வடம். ஆகையால் ஒவ்வொரு சக்கரமும் தன் இஷ்டப்படி சுற்றலாம். ஆனால் காரில் சக்கரத்தையே அல்லவா எஞ்சின் சுற்றுகிறது? இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைக் கொடுக்க வேண்டும்; அதே சமயம், ஒன்று கூடவும் மற்றது குறையவும் சுற்ற விட வேண்டும். இரண்டு குழந்தைகளுக்கும் சமமாக ஊட்டிவிட்டு, ஒன்றை ஓடவும் ஒன்றை உட்காரவும் விடுவது மாதிரி!

இந்தச் சிக்கலுக்குத் தீர்வுதான் ‘டிஃபரன்ஷியல்’. பெட்ரோல் கார் பிறப்பதற்கு வெகு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

எஞ்சினிலிருந்து வரும் நீளமான ப்ரொபெல்லர் ஷாஃப்ட், ‘பினியன்’ என்ற சிறு பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியன், ‘கிரவுன்’ என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுனோடு பிணைத்த கூட்டுக்குள்ளே நான்கு குட்டிப் பல்சக்கரங்கள். அவற்றில் இரண்டு, வலது இடது ஆக்ஸில் ஷாஃப்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்குச் ‘சூரியன்’ என்று பெயர். மற்ற இரண்டும் ஒரு குறுக்கு முளையில் சுழல்கின்றன, இவை ‘கிரகங்கள்’. நவக்கிரகங்களில் இரண்டுதான் இங்கே உண்டு. ஆனால் அவை ஆட்டம் கண்டால் காரும் ஆட்டம் காணும்!

ஒவ்வொரு குட்டிச் சக்கரத்துக்கும் முதுகுப் பக்கத்தில் ஒரு மெல்லிய வாஷர் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லன் இவன்தான்.

பாஞ்சோவா, குழாயா?

எம்.ஜி.பி.யில் இரண்டு ஜாதி அச்சுகள் வந்தன. முதலாவதற்குப் ‘பாஞ்சோ’ என்று பெயர். பாஞ்சோ என்பது வட்ட உடலும் நீண்ட கழுத்தும் உடைய மேனாட்டுத் தந்தி வாத்தியம். அதற்கு இரண்டு பக்கமும் கழுத்து முளைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் இந்த அச்சு. டிஃபரன்ஷியல் முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி எடுக்க வேண்டும். பின்பக்கம் வழவழவென்று கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும்.

இரண்டாவது, ‘குழாய் அச்சு’. ‘சாலிஸ்பரி’ என்றும் சொல்வார்கள். நடுவில் வார்ப்பிரும்புப் பெட்டி. அதன் இரு பக்கமும் குழாய்கள் இறுக்கிச் செருகியிருக்கும். பின்பக்கத்தில் வரிசையாகப் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு மூடி இருக்கும். இது அதிக வலுவானது, சத்தமும் குறைவு. ஜி.டி. காருக்கு ஆரம்ப முதலே, அதாவது 1965 முதல், இதைத்தான் போட்டார்கள். திறந்த காருக்கு 1967-ல்தான் இது வந்தது.

ஆகவே அடையாளம் காண்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். காரின் பின்னால் குனிந்து பார்த்தால் போதும். சட்டி மாதிரி இருந்தால் பாஞ்சோ. போல்ட் போட்ட மூடி தெரிந்தால் குழாய். அம்மாள் குனிந்து பார்த்தாள். என்ன ஆச்சரியம்! கார் 1966, ஆனால் அச்சிலே மூடி இருக்கிறது!

இதில் மாயம் ஒன்றுமில்லை. அறுபது வருஷத்துக் காரில் எத்தனை கை பட்டிருக்கும்! எப்போதோ யாரோ பழைய பாஞ்சோவை எடுத்துவிட்டு, பிந்திய குழாய் அச்சை மாட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கேடன் என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில், தொழிற்சாலையின் பழைய பேரேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கட்டணம் செலுத்திக் கேட்டால், உங்கள் கார் எந்தத் தேதியில் கட்டப்பட்டது, என்ன நிறம் என்று பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். ஆனால் அது ஜாதகம்! பிறந்த நேரத்தைத்தான் சொல்லும். பிறகு நடந்த ஆபரேஷனைச் சொல்லாது. அதற்கு உடம்பைத்தான் பார்க்க வேண்டும்.

மெக்கானிக் சொன்னபடி ‘1966 மாடல்’ என்று எழுதிச் சாமான் வரவழைத்திருந்தால், பாஞ்சோவின் பேரிங்கும் ஆயில் சீலும் வந்திறங்கியிருக்கும். ஒன்றும் சேர்ந்திருக்காது. எண்ணெய் அளவுகூட வேறு. பாஞ்சோ 1.28 லிட்டர் குடிக்கும். குழாய் அச்சுக்கு 0.85 லிட்டரே போதும்.

அகலத்தையும் பார்க்க வேண்டும். கம்பிச் சக்கரத்துக்கான அச்சு, சாதாரண இரும்புச் சக்கரத்துக்கான அச்சைவிடக் கொஞ்சம் குட்டை. இரும்புச் சக்கர அச்சில் கம்பிச் சக்கரத்தை எப்படியோ மாட்டிவிட்டால், சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு, டயர் மட்கார்டில் உரச வாய்ப்புண்டு. நல்லவேளையாக, இந்தக் காரில் இருந்தது கம்பிச் சக்கரத்துக்கே உரிய குட்டை அச்சு.

சாக்பீஸ் கணக்கு

அச்சுக்குள்ளே இருக்கும் பல் கணக்கு என்ன? அதைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம்; ஒரு துண்டுச் சாக்பீஸ் போதும்.

முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது, இது விளையாட்டில்லை! கியரை நியூட்ரலில் போட்டு, ஹாண்ட் பிரேக்கை விடுவித்து, ப்ரொபெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. மனைவி சக்கரத்தைச் சுற்றினாள்; கணவர் பக்கவாட்டில் குனிந்துகொண்டு ஷாஃப்டை எண்ணினார். சக்கரம் 20 சுற்று. ஷாஃப்ட் 39 சுற்று.

ஒரு சக்கரம் தரையில் நிற்க, மற்றது மட்டும் சுற்றினால், கிரவுன் அதில் பாதிதான் சுற்றும். ஆகவே 20 சுற்றுக்குக் கிரவுன் 10 சுற்று. அதற்கு ஷாஃப்ட் 39 என்றால், விகிதம் ஏறக்குறைய 3.9. எம்.ஜி.பி.யின் கிரவுனில் 43 பல். பினியனில் 11 பல். 43-ஐ 11-ஆல் வகுத்தால் 3.909. கணக்கு சரி! எட்டு ஸிலிண்டர் எம்.ஜி.பி. ஜி.டி. வி8-ன் அச்சாக இருந்தால், அதே 20 சுற்றுக்கு ஷாஃப்ட் 31-ஐக்கூட எட்டியிருக்காது.

இதற்கும் பயன் உண்டு. முந்திய எம்.ஜி.ஏ. காரின் டிஃபரன்ஷியல், எம்.ஜி.பி.யின் பாஞ்சோவிலும் பொருந்தும். அதில் 43 பல்லுக்கு 10 பல், விகிதம் 4.3. விவரம் தெரியாமல் அதை வாங்கி மாட்டினால் கார் ஓடும். ஆனால் முன்பு எஞ்சின் 3000 சுற்றில் போன வேகத்துக்கு, இனி 3300 சுற்றுச் சுற்ற வேண்டும். சத்தமும் பெட்ரோல் செலவும் ஏறிவிடும். காரணம் மட்டும் புரியாது.

சத்தம் எங்கே?

இப்போது ‘டங்க்’குக்கு வருவோம். அந்தச் சத்தத்துக்கு நாலைந்து வாசல்கள் உண்டு. ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு தேய்ந்திருக்கலாம். இரு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தால் தெரியும். அச்சை ஸ்பிரிங் பட்டையோடு கட்டும் ‘யூ’ போல்டுகள் தளர்ந்திருக்கலாம். ஸ்பானர் வைத்தால் தெரியும். சுலபமான இடங்களை முதலில் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். வளையல் காணோம் என்றால், போலீசுக்குப் போவதற்கு முன் தலையணைக்கு அடியில் பார்ப்பதில்லையா?

அந்த இரண்டும் சரியாகவே இருந்தன. மூன்றாவது வாசல், கம்பிச் சக்கரம் உட்காரும் இடம். இந்தச் சக்கரங்களுக்கு நான்கு போல்ட் கிடையாது. ‘ஹப்’ என்ற குடத்தின்மேல் நீளவாக்கில் வரி வரியாகப் பற்கள். சக்கரத்தின் உட்புறத்திலும் அதே மாதிரி பற்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவில் ஒரே பெரிய நட்டு. எஞ்சினின் பலம் முழுவதும், பின் பிரேக்கின் பலம் முழுவதும் இந்தப் பற்களின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது.

சோதனை எளிது, ஆனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் தூக்கிய சக்கரத்தை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பிரேக் குடத்தைத்தான் பிடிக்கிறது. ஆகவே குடம் அசையாது. சக்கரம் மட்டும் அசைந்தால், பற்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம்.

“நீ உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதி, நான் அசைத்துப் பார்க்கிறேன்” என்றார் கணவர்.

“நீங்களே மிதியுங்கள்; நான் அசைக்கிறேன்” என்றாள் மனைவி.

வலது சக்கரம் கல்லாக நின்றது. இடது சக்கரம், சத்தமே இல்லாமல், மெல்ல அசைந்தது.

நட்டைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்தார்கள். நல்ல நிலையில் தலை தட்டையாக இருக்க வேண்டிய பற்கள், ரம்பப் பல்லைப் போலக் கூராகத் தேய்ந்திருந்தன. பார்த்ததும் கணவரின் முகம் வெளுத்துவிட்டது. இந்தப் பற்கள் ஒரு நாள் முழுவதும் மழுங்கிவிட்டால், குடம் உள்ளே வெறுமனே சுற்றும். அந்தச் சக்கரத்துக்கு ஓட்டமும் இல்லை, பிரேக்கும் இல்லை. மலைச் சரிவில் இறங்கும்போது அப்படி நேர்ந்தால்?

இன்னொன்றும் அம்மாள் கண்ணில் பட்டது. அதே பக்கத்துப் பிரேக் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. அச்சின் மேல் ‘ப்ரீதர்’ என்று ஒரு சிறு மூச்சுத் துளை உண்டு. ஓடும்போது உள்ளே எண்ணெய் சூடாகிறது, காற்று விரிகிறது, அது இந்தத் துளை வழியாக வெளியேற வேண்டும். பல வருஷத்துச் சேறு அதை அடைத்துவிட்டது. குக்கரில் ஆவி போகும் துளை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? இங்கே காற்று, எண்ணெயையும் தள்ளிக்கொண்டு ஆயில் சீல் வழியாக வழி தேடியது. எண்ணெய் போய்ச் சேர்ந்த இடம் பிரேக் ஷூ! சீல் மட்டும் மாற்றித் துளையைச் சுத்தம் செய்யாவிட்டால், புது சீலும் சில மாதங்களில் அழத் தொடங்கிவிடும்.

‘டங்க்’ என்று கூச்சல் போட்ட கோளாறு இன்னும் அகப்படவில்லை. அதற்குள், வாய் திறக்காத இரண்டு அகப்பட்டுவிட்டன!

வில்லன் பிடிபட்டான்

குழாய் அச்சில் ஒரு சௌகரியம். வாஷர் மாற்றுவதற்காக அச்சைக் காரிலிருந்து இறக்க வேண்டியதில்லை. இரண்டு பின் சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அடியில் தட்டு வைத்துப் பின் மூடியைக் கழற்றினால், கறுத்த எண்ணெய் கொட்டும். அதில் பளபளவென்று இரும்புத் துணுக்குகள் வந்தால் கவலைப்பட வேண்டும். இவர்களுக்கு வரவில்லை.

பிறகு குடங்களைக் கழற்றி, ஆக்ஸில் ஷாஃப்டுகளை வெளியே இழுத்தார்கள். கூட்டுக்குள்ளே இருக்கும் குறுக்கு முளையை ஒரு சிறு பின் பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பின்னைத் தட்டி எடுத்து, முளையை உருவினால், கிரகங்கள் இரண்டும் உருண்டு வெளியே வந்துவிடும். பின்னாலேயே சூரியன்களும் வந்துவிடும்.

வாஷர்கள் இருந்தன, அதாவது, இருந்ததற்கு அடையாளம் இருந்தது! கனமாக இருக்க வேண்டியவை காய்ந்த அப்பளம் போல மெலிந்திருந்தன. ஒன்று உடைந்தே போயிருந்தது. அந்த இடைவெளியில்தான் குட்டிச் சக்கரங்கள் முன்னும் பின்னும் தாவி ‘டங்க்’ போட்டிருக்கின்றன. இந்தக் கோளாறு எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களிடையே பிரசித்தம். கேட்பதற்குக் கர்ண கடூரமே தவிர, இதை வைத்துக்கொண்டே பல காலம் ஓட்டியவர்கள் உண்டு. புது வாஷர்கள் வாங்க, இருவர் ஓட்டலில் சாப்பிடும் செலவுகூட ஆகாது. இதற்காகவா முழு அச்சையும் மாற்றுவது?

வாஷரோடு முளையையும் தடவிப் பார்க்க வேண்டும். கிரகங்கள் சுற்றிச் சுற்றி அதில் பள்ளம் விழுந்திருந்தால், முளையையும் மாற்றிவிட வேண்டும்.

கிரவுனையும் பினியனையும் அவர்கள் தொடவில்லை. அதுவும் ஒரு விவேகம். அம்மியும் குழவியும் மாதிரி, அவை ஜோடி. தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று ஓடவிட்டுத் தேய்த்து, ஒரே எண் போட்டு அனுப்பியவை. ஓர் அம்மிக்கு வேறு வீட்டுக் குழவி சேருமா? பல் உடைந்தால் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மெல்லிய தகடுகளை வைத்து எடுத்து, பல்லில் சாயம் பூசி, எங்கே படிகிறது என்று பார்த்துப் பார்த்து அமைக்கிற வேலை அது. கை தேர்ந்தவர்களுக்கே உரியது. அந்த ஜோடி கெட்டுப்போனால் ‘டங்க்’ வராது. ஓடும்போது நீளமாக ஒரு முனகல் வரும். பேரிங் கெட்டால் அடித்தொண்டையில் ஓர் உறுமல் வரும். மூன்றுக்கும் ராகம் வேறு. காது கொடுத்துக் கேட்டால் போதும்.

இடதா, வலதா?

புதிய வாஷர்கள், புதிய சீல்கள், சுத்தம் செய்த மூச்சுத் துளை, எண்ணெய் படிந்ததற்குப் பதில் புதிய பிரேக் ஷூக்கள் என்று ஒவ்வொன்றாக ஏறின. இடது பக்கத்துக்குப் புதுக் குடம். அதோடு புதுச் சக்கரமும். “சக்கரம் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது?” என்றார் கணவர். கூடாது! தேய்ந்த சக்கரத்தைப் புதுக் குடத்தில் மாட்டினால், சக்கரம் குடத்தையும் தின்றுவிடும். இங்கேயும் ஜோடி விதிதான்.

பரபரப்பில் கணவர் ஒரு குடத்தைக் கையில் எடுத்து, அருகில் இருந்த பக்கத்தில் செருகப் போனார்.

“நில்லுங்கள்! அது எந்தப் பக்கத்துடையது?” என்றாள் மனைவி.

அந்தக் கேள்விக்கு ஒரு சவரன் கொடுக்கலாம். கம்பிச் சக்கரத்தின் நடு நட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடுக்குவதல்ல. காரின் இடது பக்கத்தில் வழக்கமான மரை. வலது பக்கத்தில் எதிர் மரை. கார் ஓட ஓட, சக்கரத்தின் அசைவே நட்டை மெல்ல மெல்ல இறுக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. குடங்களைப் பக்கம் மாற்றிவிட்டால், அதே அசைவு நட்டை மெல்ல மெல்லக் கழற்றும். கொல்லையிலிருந்து தெருவுக்கு ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சத்தம் வராது. பல மைல் போன பிறகு, நல்ல வேகத்தில், சக்கரம் காரைவிட்டு விடைபெற்றுக்கொண்டு தனி வழியே போகும்!

நினைவில் வைக்க ஒரு சூத்திரம் உண்டு. கார் முன்னால் போகும்போது சக்கரம் எந்தத் திசையில் சுற்றுகிறதோ, அந்தத் திசையில் திருப்பினால் நட்டு கழல வேண்டும். எதிர்த் திசையில் இறுக வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் இது பொருந்தும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் நட்டு உட்காரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருப்பதால், சக்கரம் முன்னே உருள, நட்டு பின்னே ஊர்கிறது. பின்னே ஊர்வதுதான் இறுக்கம்.

பார்த்தால், அவர் கையில் இருந்தது வலது குடம். செருகப் போனது இடது பக்கம்! மனைவி சாக்பீஸை எடுத்து, ஒன்றில் ‘இ’, மற்றதில் ‘வ’ என்பதற்குச் சமமாக, அவர்கள் பாஷை எழுத்தைப் பெரிதாக எழுதி வைத்தாள். கழற்றும்போதே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் எதைக் கழற்றினாலும் சரி, மிக்ஸியானாலும் தையல் மெஷினானாலும், எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

கடற்கரைக்கு

சனிக்கிழமை வந்தது. 0.85 லிட்டர் புது எண்ணெய் நிரப்பியாயிற்று. கிளட்சை விட்டார் கணவர். ‘டங்க்’ இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அப்போதும் இல்லை. எம்.ஜி.பி. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி நழுவிப் போயிற்று.

சில மைல் போனதும், “சற்று நிறுத்துங்கள்” என்றாள் மனைவி.

“ஏன்? ஏதாவது சத்தம் கேட்கிறதா?”

“ஒரு சத்தமும் இல்லை. அதனால்தான் நிறுத்தச் சொல்கிறேன்!”

இறங்கிப் போய், நான்கு நட்டுகளையும் செம்புச் சுத்தியலால் இறுக்கும் திசையில் ஒவ்வொரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். புதுக் குடத்தில் ஏற்றிய சக்கரத்தைச் சில மைல்களுக்குப் பிறகு ஒரு முறை சரிபார்ப்பதுதான் முறை. பிறகு ஏறி உட்கார்ந்து, தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, “இனிமேல் போகலாம்” என்றாள்.

கணவர் அதன் பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.